யூட்டா டின்னும் தூத்துக்குடி உப்பளமும்: ஒரு தீவனத்தின் கதை

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ பாம்பு வளர்ப்பவர் வீட்டு ஃப்ரீசரைத் திறந்தால், ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் வெள்ளை எலிகள் விறைத்துக் கிடக்கும். மைனஸ் 18 டிகிரியில் வைத்து, வேண்டும்போது ஒன்றை எடுத்து, குளிர் விட்டபின் வெதுவெதுப்பாக்கிப் பாம்புக்குக் கொடுப்பார்கள். நம் ஊரில் சாரை, மலைப்பாம்பு மாதிரி நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. அதனால் இந்தக் காட்சி நமக்குப் பழக்கமில்லை.

ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி நமக்கும் உண்டு. ஒரு பிராணியை அடைத்து வளர்க்கிறோம். அது தின்பதோ இன்னொரு பிராணி. அந்த இன்னொன்றை எப்படிச் சேமித்து வைப்பது? இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே மிகச் சிறிய, மிகக் கச்சிதமான விடை தூத்துக்குடி உப்பளத்தில் கிடந்தது. கிடந்தது என்று இறந்தகாலத்தில் சொல்வதற்குக் காரணம் இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன்.

முத்துக்கு வந்த பசி

தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் கடைசியாக நடந்தது 1961-இல். அதன்பிறகு பார்களில் சிப்பி போதவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சுவாமி 1973-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். 1981-இல் தூத்துக்குடியிலேயே முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் வளர்த்தெடுத்தார்கள்.

குஞ்சு பொரித்ததும் முதல் தலைவலி சாப்பாடுதான். சிப்பிக் குஞ்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத பாசி வேண்டும். ஐசோகிரைசிஸ் என்ற பாசியைக் குடுவையிலும் தொட்டியிலும் விடாமல் வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் பாசித் தொட்டி கெட்டால் மறுநாள் குஞ்சுகள் பட்டினி. இதை டின்னில் அடைத்து அலமாரியில் வைக்கிற வேலையெல்லாம் அன்றைக்கு நடக்காது.

இறால் குஞ்சின் கதை கொஞ்சம் வேறு. ஆரம்பத்தில் அதுவும் பாசிதான் தின்னும். மைசிஸ் என்ற பருவத்துக்கு வந்ததும் அசையும் இரை கேட்கும். அங்கேதான் ஆர்ட்டீமியா வருகிறது.

ஹைபர்நேட் ஆன பிராணி

ஆர்ட்டீமியா என்பது உப்புநீரில் வாழும் ஒரு குட்டிப் பிராணி. வளர்ந்தாலே ஒரு சென்டிமீட்டர்தான். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், அதைப்போல மூன்று நான்கு மடங்கு உப்பேறிய பாத்தியிலும் சாவகாசமாக நீந்தும். அந்த உப்பில் மீன் பிழைக்காது. அதனால் இதைத் தின்ன பறவைகளை விட்டால் பெரிதாக ஆளில்லை. உப்பளத்துக்குப் பூநாரை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் வற்றி உப்பு ரொம்ப ஏறினால் இது குஞ்சு ஈனுவதை நிறுத்திவிட்டு, ஓடு போர்த்திய கருவை வெளியே விடும். இதற்கு சிஸ்ட் என்று பெயர். பொரிப்பகங்களில் சும்மா முட்டை என்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு பருமன். உள்ளே சுமார் 4,000 செல்லோடு கரு அப்படியே நின்றுபோயிருக்கும். கம்ப்யூட்டரை ஹைபர்நேட் பண்ணுகிற மாதிரி. உயிர் இருக்கு, ஆனால் எதுவும் ஓடவில்லை. ட்ரீஹலோஸ் என்ற சர்க்கரைதான், காய்ந்துபோன செல்லை உடையாமல் காப்பாற்றுகிறது. 1972-இல் அப்போலோ 16 விண்கலத்தில் கதிர்வீச்சுச் சோதனைக்காக இந்த சிஸ்டுகளை நிலவுவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்றால் அதன் உறுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொரிப்பகக்காரருக்கு இது வரப்பிரசாதம். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி உலர்த்தி, காற்றை எடுத்துவிட்டு டின்னில் அடைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும். தேவைப்படும் அன்று 25 முதல் 30 டிகிரி வெப்பமுள்ள கடல்நீரில் போட்டு, வெளிச்சமும் காற்றும் கொடுத்தால் 24 மணி நேரத்தில் குஞ்சு. நல்ல சரக்கு என்றால் ஒரு கிராமில் 2 லட்சத்துக்கு மேல் பொரிக்கும்.

இதிலும் ஃப்ரீசர், ஃப்ரிட்ஜ் வேலை உண்டு. நன்றாகக் காய்ந்த சிஸ்டை மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பொரிக்கப் போடக்கூடாது, ஒரு வாரம் சாதாரண வெப்பத்தில் ஆறவிட வேண்டும். பொரித்த குஞ்சும் நேரமாக ஆக, தன் கருவுணவைத் தானே தின்று சத்திழக்கும். அதனால் உடனே கொடுக்க முடியாவிட்டால் 10 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து அந்தச் செலவை நிறுத்துவார்கள். வளர்ந்த ஆர்ட்டீமியாவை உறைய வைத்துக் கட்டியாக விற்பதும் உண்டு. வண்ணமீன் வளர்க்கிறவர்களுக்கு இது தெரிந்த சரக்கு. பாம்புக்காரர் ஃப்ரீசரில் எலி கிடப்பது மாதிரி, மீன்காரர் ஃப்ரீசரில் இது.

டின் எங்கிருந்து வந்தது?

மீன் குஞ்சுக்கு இது நல்ல தீவனம் என்று 1930-களில் அமெரிக்காவிலும் நார்வேயிலும் கண்டுபிடித்தார்கள். 1950-களில் வியாபாரமானது. சரக்கு வந்தது இரண்டே இடத்திலிருந்து: சான் பிரான்சிஸ்கோ விரிகுடா உப்பளங்கள், யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரி. அப்போது கிலோ 10 டாலருக்கும் கீழே. 1970-களின் நடுவில் தேவை ஏறி, விளைச்சல் குறைந்து, விலை 50 முதல் 100 டாலர் வரை போனது. 1976-இல் கியோட்டோவில் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு நடத்திய மாநாட்டில் இதுவே ஒரு பேச்சு. ஏழை நாடுகள் இந்த விலை கொடுத்து இறால் வளர்க்க முடியுமா?

பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்ன வழி, வெப்பநாட்டு உப்பளங்களிலேயே இதை விதைத்து வளர்ப்பது. 1977-இல் பிரேசிலின் மக்காவ் உப்பளங்களில் சான் பிரான்சிஸ்கோ ரகத்தை விட்டார்கள், பிடித்துக்கொண்டது. பின்னால் வியட்நாமின் வின் சாவ் பகுதியிலும் அதே ரகம்.

ஆனால் இந்தியா பிரேசில் மாதிரி வெற்றுப் பாத்தி இல்லை. இங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது. 1950-களில் பம்பாயின் வடாலா உப்பளத்தில் ஆர்ட்டீமியா பதிவானது. தூத்துக்குடி ஆர்ட்டீமியாவும் 1970-களிலேயே ஆய்வுக் கட்டுரைகளில் வந்துவிட்டது. தூத்துக்குடி ரகத்தில் ஆணே கிடையாது! எல்லாம் பெண், ஆண் துணையில்லாமலே இனம் பெருக்கும். அமெரிக்க ரகமான ஃபிரான்சிஸ்கானாவில் ஆண், பெண் இரண்டும் உண்டு.

சுதேசி ஊரில் விதேசி

இறால் பொரிப்பகங்கள் பெருகியதும் நம் ஆட்கள் வாங்கியது வெளிநாட்டு டின்னைத்தான். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தரம் பிரித்து, பொரிக்கும் சதவீதத்தை லேபிளில் அச்சிட்டு, வருடம் முழுக்கக் கிடைக்கிற சரக்கு அது. உப்பளத்து முட்டையைக் கரையிலிருந்து அள்ளி, அலசி, உலர்த்தி, அடைத்து அதே தரத்தில் தர இங்கே பெரிய தொழில் எதுவும் எழவில்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர் தூத்துக்குடி. 2011-இல் துறைமுகத்துக்கே வ.உ.சி. பெயரை வைத்தோம். இறாலை உறையவைத்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு, அந்த இறால் குஞ்சுக்கான முதல் இரையை அமெரிக்க டின்னில் வாங்கிக்கொண்டிருந்தது.

டின்னில் வந்தது டின்னோடு போயிருந்தால் இது வெறும் வியாபாரக் கணக்கு. ஆனால் வருடக்கணக்கில் சாகாத சரக்கு தப்பித்துப் போனாலும் சாகாது, இல்லையா? பொரிப்பகக் கழிவுநீரில் பொரியாத சிஸ்ட் போகும். பறவையின் காலிலும் குடலிலும் ஒட்டி அடுத்த அளத்துக்குப் போகும். ஃபிரான்சிஸ்கானா சீக்கிரம் வளரும், நிறைய ஈனும். போர்ச்சுகல், ஸ்பெயின், பிரான்ஸ் உப்பளங்களில் அது உள்ளூர் ரகங்களைத் துரத்திவிட்டதை ஐரோப்பியர்கள் முன்பே பதிவு செய்திருந்தார்கள். 2012-இல் ஹைட்ரோபயாலஜியா இதழில் இந்திய ஆய்வாளர்களின் கட்டுரை வந்தது. மரபணுவைச் சோதித்து அவர்கள் கண்டது அதேதான்: நம் உப்பளங்களிலும் ஃபிரான்சிஸ்கானா குடியேறி, பெண் மட்டுமே உள்ள பூர்வீக ரகத்தை இடம்பெயர்க்கிறது.

எலி ஃப்ரீசரில் வைக்கும்போதே செத்தது. அது தப்பித்து ஓடாது. ஆர்ட்டீமியா உயிரோடு சேமிக்கப்படுவது. அதன் வசதியும் ஆபத்தும் ஒரே குணத்திலிருந்துதான் வருகிறது.

நமக்கு உதவக்கூடியதும் அந்தக் குணமே. காய்ந்து கிடக்கத் தெரிந்த உயிரைப் பாதுகாக்கக் காடும் சரணாலயமும் வேண்டாம், காற்றுப் புகாத குப்பியும் குளிரும் போதும். கெண்ட் பல்கலைக்கழகம் உலகத்து உப்பளங்களின் சிஸ்ட் மாதிரிகளை அப்படித்தான் சேர்த்து வைத்திருக்கிறது. நெல் ரகங்களுக்கு விதை வங்கி வைத்த நாடு, ஒவ்வொரு உப்பளத்தின் நாட்டு ரகத்துக்கும் சில நூறு கிராம் எடுத்து வைப்பது பெரிய செலவில்லை. மழை வந்து பாத்தி கரைவதற்கு முன்னால், கரையோரம் ஒதுங்கும் பழுப்புத் தூளை அள்ளி, எந்த ரகம் என்று பார்த்துப் பிரிக்கிற வேலைதான் முக்கியம்.

நீங்கள் வீட்டில் மீன் வளர்க்க ஆர்ட்டீமியா பொரிப்பவராக இருந்தால், உங்களுக்கும் ஒரு சின்ன வேலை இருக்கு. மிச்சத் தண்ணீரையும் பொரியாத முட்டையையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கொதிக்க வைத்துவிட்டுக் கொட்டுங்கள். உப்பளத்துக்கோ உப்பங்கழிக்கோ பக்கத்தில் இருக்கிறவர்கள் கட்டாயம் செய்யவேண்டியது இது.