மூலநிரலும் உரிமையும்: இரு தரவுத்தளங்களின் வரலாறு

கணினியின் வரலாற்றைக் கூற முற்படுவோர் பொறிகளின் வேகத்தையும் கொள்ளளவையும் விரித்துரைப்பர். ஒரு மென்பொருள் யாருக்கு உரியது என்னும் வினாவை அவர்கள் அத்துணை ஆராய்வதில்லை. இணையத்தளங்களை ஆக்கும் மென்பொருள் விருத்தியாளருக்கோ இவ்வினா தலையாயது. ஒரு தளத்தின் பக்கங்களைச் சில மாதங்களிற் புதிதாக எழுதிவிடலாம். பல்லாண்டுத் தரவுகள் தங்கியிருக்கும் தரவுத்தளத்தை அவ்வாறு எளிதில் மாற்றிவிட முடியாது. ஆதலின், போஸ்ற்கிறெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய இரு திறந்த மூலத் தரவுத்தளங்களின் வரலாற்றை ஒப்புநோக்கி, மூலநிரல் திறந்திருத்தலும் அதன் உரிமை ஒருவர் கையில் அடங்காதிருத்தலும் வெவ்வேறானவை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விரண்டிற்கும் மூலமாயமைந்தது ஐ.பி.எம். ஆய்வாளரான எட்கார் கொட் 1970 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையாகும். அதற்கு முன்னர், வேண்டிய தரவு எவ்வழியிற் சென்றால் அகப்படும் என்பதை நிரலாளர் அறிந்திருத்தல் வேண்டும். தரவுகளை அட்டவணைகளாக அமைத்து, வேண்டியது இன்னதென்று கூறினால் அதைத் தேடும் வழியைப் பொறியே வகுத்துக்கொள்ளும் முறையைக் கொட் முன்வைத்தார். அவரது கருத்தைச் செயற்படுத்த, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்ரோன்பிறேக்கரும் இயூஜின் வொங்கும் 1973 இல் 'இங்கிறெஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். அதன் மூலநிரல் சிறு கட்டணத்துக்குப் பிற நிறுவனங்களுக்கும் வழங்கப்பட்டது. 1977 இல் தோன்றிப் பின்னர் ஒறக்கிள் எனப் பெயர்பெற்ற நிறுவனமோ மறுவழியிற் சென்றது. 1979 இல் தன் தரவுத்தளத்தை விற்பனைப் பண்டமாக வெளியிட்டது.

ஸ்ரோன்பிறேக்கர் 1986 இல் தொடங்கிய போஸ்ற்கிறெஸ் திட்டம் 1994 இல் முடிவுக்கு வந்தது. பல்கலைக்கழக மென்பொருள்களுட் பல, திட்டம் முடிந்ததும் மறைந்துபோதல் இயல்பு. போஸ்ற்கிறெஸ் அவ்வாறு மறையவில்லை. எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பரப்பவும் இடந்தரும் உரிமத்துடன் அது வெளியாகியிருந்தமையே காரணம். அன்ட்றூ யூ, ஜொலி சென் என்னும் இரு பட்டப்பின் மாணவர் அதற்கு எஸ்கியூஎல் வினவல் மொழியைப் பொருத்தி 1995 இல் வெளியிட்டனர். 1996 இல் அது போஸ்ற்கிறெஸ்கியூஎல் எனப் பெயர் மாறியது. அன்றுமுதல் பல நாட்டினர் கூடி அதனை வளர்த்து வருகின்றனர். அதனை விற்கவல்ல உரிமையாளர் எவரும் இலர்.

மைஎஸ்கியூஎல் பல்கலைக்கழகத்திலன்றி, மைக்கேல் விடேனியஸ் முதலிய மூவர் சுவீடனில் நிறுவிய ஒரு நிறுவனத்தில் 1995 இல் தோன்றியது. லினக்ஸ், அப்பாச்சி, பிஎச்பி ஆகியவற்றோடு சேர்ந்து அது இணையத்தள விருத்தியின் வழக்கமான அடித்தளமாயிற்று. நிறுவுதற்கு எளிமையும் வாசிப்பதில் வேகமும் அதன் சிறப்புக்கள். எனினும் தொடக்கத்தில் அதற்கொரு பெருங்குறை இருந்தது. ஒரு கணக்கிற் பணத்தைக் கழித்து மற்றொன்றிற் சேர்க்கும்போது இடையில் மின்சாரம் தடைப்பட்டால், இரு செயல்களும் நிறைவுறவோ இரண்டும் நீங்கவோ செய்யும் உறுதியை அது தரவில்லை. ஃபின்லாந்தின் இன்னோபேஸ் நிறுவனத்தார் ஆக்கிய இன்னோடிபி என்னும் பகுதி 2001 இல் இணைந்த பின்னரே அக்குறை நீங்கிற்று. 2000 இல் மைஎஸ்கியூஎல் சுதந்திர மென்பொருளுக்குரிய ஜிபிஎல் உரிமத்தைப் பெற்றது. ஆயினும் பதிப்புரிமை அந்நிறுவனத்திடமே இருந்தது. அதே நிரலை வணிக உரிமத்தின் கீழும் அது விற்றுவந்தது.

திறந்த உரிமத்தின் பயனை எமது நாடே கண்டுள்ளது. 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர், காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் பற்றிய விபரங்களைப் பதிவு செய்வதற்காக இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் அது பிஎச்பியையும் மைஎஸ்கியூஎல்லையும் அடிப்படையாகக் கொண்டது. விலை பேசவோ ஒப்பந்தம் எழுதவோ அவகாசமற்ற வேளையில், முன்னரே வழங்கப்பட்டிருந்த அனுமதி கைகொடுத்தது. 2005 இற் பாகிஸ்தானிலும் 2006 இற் பிலிப்பைன்சிலும் நேர்ந்த பேரிடர்களின் போதும் சஹானா பயன்பட்டது.

ஆனால் அனுமதி வேறு, உரிமை வேறு. 2005 இல் ஒறக்கிள் நிறுவனம் இன்னோபேஸை வாங்கியது. 2008 இல் மைஎஸ்கியூஎல் நிறுவனத்தை ஏறத்தாழ 100 கோடி டொலருக்குச் சன் நிறுவனம் வாங்கியது. 2009 இல் அந்தச் சன்னையே வாங்குவதாக ஒறக்கிள் அறிவித்தது. தரவுத்தள வணிகத்தின் பெருமுதலாளி தன் போட்டிப் பொருளுக்கே உரிமையாளராவதை விடேனியஸ் எதிர்த்தார். ஐரோப்பிய ஆணைக்குழு ஆராய்ந்து 2010 ஜனவரியில் அனுமதி வழங்கிற்று. இதற்கிடையில், 2009 இலேயே, விடேனியஸ் அதே மூலநிரலிலிருந்து 'மரியாடிபி' என்னும் கிளையை உருவாக்கியிருந்தார். விக்கிப்பீடியா 2013 இல் அதற்கு மாறியது. ஒறக்கிள் மைஎஸ்கியூஎல்லை அழித்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகக் கூறல் வேண்டும். 2018 இல் அதன் 8.0 பதிப்பு வெளியானது. எனினும் அதன் எதிர்காலம் ஒரு நிறுவனத்தின் முடிவைச் சார்ந்ததாயிற்று.

பெயரும் பதிப்புரிமையும் விற்கப்பட்டன. ஏற்கெனவே வழங்கிய அனுமதியை எவராலும் விற்க முடியவில்லை. மரியாடிபி தோன்றியது இதனாலேயே. ஆயினும் அந்நிரலைத் துறைபோகக் கற்ற விடேனியஸ் போன்றோர் இல்லாதிருப்பின் அவ்வனுமதி ஏட்டளவில் நின்றிருக்கும். போஸ்ற்கிறெஸ் குழுவினரும் இவ்வாபத்தை உணர்ந்தவர்களே. ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்கியமையால் 2020 இல் அவர்களது மையக்குழுவிற் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தின் ஊழியராயினர். குழுவினர் வேறு இருவரைச் சேர்த்து அந்நிலையைத் திருத்தினர்.

தரவுத்தளத்தைத் தெரிவு செய்யும் விருத்தியாளர் வேகத்தையும் வசதியையும் ஒப்பிடுவது வழக்கம். பதிப்புரிமை யாரிடம் உளது, நிரலை உள்ளவாறு அறிந்தோர் எத்தனை நிறுவனங்களிற் பரந்துள்ளனர் என்பனவும் அவர் கேட்க வேண்டிய வினாக்களாகும். இலவசமாகக் கிடைப்பதால் மட்டும் ஒரு மென்பொருள் எமதாகிவிடாது. அதனைப் படித்துத் திருத்தவல்லோர் எம்மிடையே இருத்தல் வேண்டும். எமது பல்கலைக்கழகங்களின் தரவுத்தளப் பாடங்கள் அத்தகையோரை உருவாக்குவதையும் தம் இலக்காகக் கொள்ளுமாயின் மிகுந்த பயன் விளையும்.