படம் எப்படி? தமிழ்நாட்டில் திரைப்பட அபிப்பிராயம் பயணித்த வேகம் (1931–2024)

புதுப் படம் பார்த்துவிட்டு வருபவரிடம் தமிழ்நாட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி 'படம் எப்படி?' என்பதுதான். பதிலும் நாலைந்து சொல்லுக்கு மேல் போவதில்லை: 'ஒரு தடவை பார்க்கலாம்', 'ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் இழுவை', 'மொக்கை'. இந்தப் பேச்சை விமர்சனம் என்ற வேலிக்கு வெளியே நிறுத்துவதே வழக்கமாகிவிட்டது. கல்கி காலத்தில் தரமான விமர்சனம் இருந்தது, இன்று அது தியேட்டர் வாசல் மைக்கில் வந்து கெட்டுப்போனது என்ற கதையும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்தக் கதையை இக்கட்டுரை ஏற்கவில்லை. அச்சில் வந்த விமர்சனம் தொடக்கம் முதலே வாசல் பேச்சின் நடையைத்தான் கடன் வாங்கியது. ஒருவரின் அபிப்பிராயம் அடுத்த ரசிகரைச் சென்றடைய எடுத்துக்கொண்ட காலம்தான் வாரக்கணக்கிலிருந்து மணிக்கணக்காகச் சுருங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் பேசுபவர்களிடம் இருப்பதைவிடப் படங்கள் வெளியிடப்படும் முறையில் அதிகம் இருக்கிறது என்பது இங்கே வைக்கப்படும் வாதம்.

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. அதே ஆண்டுகளில்தான் கல்கி கிருஷ்ணமூர்த்தி ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதிவந்தார். கச்சேரி, நாட்டியம், நாடகத்தோடு சினிமாவும் அவர் பார்வைக்குள் வந்தது. அவருடைய சினிமா எழுத்தில் இன்றுவரை மேற்கோளாகச் சுற்றுவது 1935-இல் வந்த 'நந்தனார்' பற்றியது. நந்தனாராக நடிக்க கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்ற செய்தியே படத்துக்கு முன்னால் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். இத்தனை ஆரவாரத்தோடு வந்த படத்தில் மரங்களும் எருமையும் நடித்த அளவுக்குக்கூட நடிகர்கள் நடிக்கவில்லை என்கிற தொனியில் கல்கி எழுதினார். திரைக்கலை பற்றிய கோட்பாடு எதுவும் இதில் இல்லை. படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் கூட வந்தவர் அடிக்கும் கிண்டல் இது. கல்கியின் கை பட்டதால் இலக்கியமாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

அக்காலப் பேச்சு எதைப் பற்றி இருந்தது என்பதைப் புரிந்துகொள்ளப் பாட்டுப் புத்தகத்தைக் கவனிக்க வேண்டும். தியேட்டரில் சில்லறைக் காசுக்கு விற்ற அந்தப் புத்தகத்தில் பாடல்களோடு கதைச் சுருக்கமும் இருக்கும். முக்கால்வாசிக் கதையைச் சொல்லிவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்துவார்கள். தொடக்க காலப் படங்களோ பெரும்பாலும் புராணக் கதைகள். நந்தனார் சிதம்பரத்தில் என்ன ஆனார் என்பதை யாரும் மறைத்துவைக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே பார்த்தவர் சொல்லும் அபிப்பிராயம் கதையை விட்டுவிட்டுப் பாட்டு எடுபட்டதா, வேஷம் பொருந்தியதா என்பதையே சுற்றியது. முடிவைச் சொல்லிவிட்டாரே என்று ரசிகர் சண்டைக்கு வருவது மிகப் பிற்காலத்து வழக்கம்.

அந்த அபிப்பிராயம் மெதுவாகவும் நடந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படி ஓடிய காலத்தில், படம் வந்து ஒரு மாதம் கழித்துப் பத்திரிகையில் வந்த விமர்சனமும் புதிய செய்திதான். ஒரு படத்துக்குப் பிரதிகள் சில மட்டுமே எடுக்கப்பட்டன. பெரிய நகரங்களில் ஓடி முடிந்த பிறகுதான் பெட்டி சிற்றூருக்கும், அதன் பின் டூரிங் டாக்கீஸுக்கும் நகரும். மதுரைக்குப் போய்வந்தவர், திருச்சியில் வேலை பார்ப்பவர் என யாரோ ஒருவர் வாயிலாகப் படத்தின் யோக்கியதை கிராமத்துக்குப் பெட்டியைவிட முந்தி வந்துவிடும். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை என்று கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியிருக்கிறார். அதன் இன்னொரு பக்கம் இது: தரை டிக்கெட்காரரின் தீர்ப்பும் சோபா டிக்கெட்காரரின் தீர்ப்பும் ஒரே வாசல் வழியாக ஊருக்குள் போயின. அச்சேறியது மட்டும் இரண்டாமவருடையது.

சினிமாவுக்கென்றே பத்திரிகைகள் தோன்றிய பிறகு இந்த நிலை சற்று மாறியது. கோவையில் பி.எஸ். செட்டியார் 1935-இல் 'சினிமா உலக'த்தைத் தொடங்கினார். நாற்பதுகளில் 'பேசும் படம்', பி.ஆர்.எஸ். கோபாலின் 'குண்டூசி' முதலியவை வந்தன. இவற்றின் உயிர்நாடி கேள்வி-பதில் பகுதி. இந்தப் படம் எப்படி, அந்த நடிகர் எப்படி என்று வாசகர் கேட்க, ஆசிரியர் ஒரு வரியில் வெட்டுவார். குமுதத்தின் 'அரசு பதில்கள்' பின்னாளில் இதே வேலையை எல்லாத் துறைக்கும் விரித்தது. கட்சி அரசியல் திரைக்கு வந்தபோது அபிப்பிராயத்தின் கனமும் கூடியது. 1952-இல் 'பராசக்தி'யை 'பரப்பிரம்மம்' என்று தினமணி கதிர் கேலி செய்ய, மு. கருணாநிதி அதே பெயரில் நாடகம் எழுதி மேடையேற்றினார். விமர்சனத்துக்கு விமர்சனம் எழுதாமல் நாடகமே போட்டுப் பதில் சொன்ன காலம் அது.

இந்தப் பின்னணியில் ஆனந்த விகடனின் உரையாடல் விமர்சனங்கள் தனிக் கவனம் பெற வேண்டியவை. ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் அங்கே படத்தை மதிப்பிட்டவை கற்பனைப் பாத்திரங்கள். சேகரும் சந்தரும் படித்த நடுத்தர வர்க்கத்தின் குரலில் பேசிக்கொள்வார்கள். முனுசாமியும் மாணிக்கமும் சென்னைத் தமிழில். தியேட்டர் வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள், நாம் ஒட்டுக் கேட்கிறோம், அவ்வளவுதான் உத்தி. தரை டிக்கெட்காரரின் குரல், நகல் வடிவில்தான் என்றாலும், முதல்முறையாக விமர்சனப் பக்கத்தில் ஏறியது. இந்த வடிவத்துக்கு ஒரு வசதியும் இருந்ததாக எனக்குப் படுகிறது. விகடனின் உரிமையாளர் எஸ்.எஸ். வாசன் ஜெமினி ஸ்டூடியோவின் அதிபரும்கூட. தானே படமெடுப்பவரின் பத்திரிகை மற்றவர் படத்தைக் குறை சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்கப்படும். குறை சொன்னது மாணிக்கம் என்றால் யார் மீது கோபப்படுவது?

அடுத்து வந்தது மதிப்பெண். நூற்றுக்கு இத்தனை என்று விகடன் போட்ட மார்க், விமர்சனத்தைப் படிக்காதவரும் பார்க்கும் எண்ணாக ஆனது. 1977-இல் '16 வயதினிலே' பெற்ற 62.5 நெடுங்காலம் பேசப்பட்ட உச்சம். 'உதிரிப்பூக்க'ளுக்கும் (1979) 'நாயக'னுக்கும் (1987) 60. உச்சமே அறுபத்துச் சொச்சம் என்பதால், மேலே இருந்த மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் புழக்கத்திலேயே இல்லை. பள்ளித் தேர்வில் 62 வாங்கிய பிள்ளையை வீட்டில் திட்டுவார்கள். விகடனில் 62 வாங்கிய படத்தைக் கொண்டாடினார்கள். வாசகர் இதைக் குழப்பமின்றிப் புரிந்துகொண்டார். நாற்பதைத் தாண்டினால் பார்க்கலாம், ஐம்பதைத் தாண்டினால் தவறவிடக்கூடாது என்ற கணக்கு யாரும் எழுதிவைக்காமலே நடப்புக்கு வந்தது. மார்க் போட்டது யார் என்பது தெரியாது. 'விகடன் விமர்சனக் குழு' என்ற கையெழுத்து கர்நாடகம், முனுசாமி வரிசையில் இன்னொரு முகமூடி.

இந்தக் கட்டத்தில் இயக்குநர் மகேந்திரனின் வாழ்க்கையைச் சற்று நின்று பார்ப்பது பயன் தரும். வாய்ப்பேச்சு, அச்சு, மதிப்பெண் மூன்றும் அவர் ஒருவரிடத்தில் சந்திக்கின்றன. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது, விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவின் காதல் காட்சிகளைக் கிண்டல் செய்து பேசினார். படத்தில் ஊரே பார்க்கக் காதலர்கள் டூயட் பாடுகிறார்கள், கல்லூரியில் காதலிப்பவர் எவ்வளவு பயந்து பயந்து பேச வேண்டியிருக்கிறது என்பது பேச்சின் சாரம். மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத்தான் அவர் நட்சத்திரத்தின் எதிரே உரக்கச் சொன்னார். நல்ல விமர்சகராக வரக்கூடியவர் என்று எம்.ஜி.ஆர். பாராட்டினார், பின்னாளில் 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதவும் வைத்தார். மகேந்திரன் 'இனமுழக்க'த்திலும் பிறகு சோவின் 'துக்ள'க்கிலும் பட விமர்சனம் எழுதினார். அவர் முதலில் இயக்கிய 'முள்ளும் மலரும்' 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது.

முதல் சில வாரங்கள் படம் படுத்துவிட்டது. தயாரிப்பாளர் வேணு செட்டியாருக்குப் படம் முன்பே பிடிக்கவில்லை; வசனம் குறைவு என்பது அவர் வருத்தம். பிறகு பார்த்தவர்கள் சொல்லச் சொல்லக் கூட்டம் சேர்ந்து படம் நூறு நாளைத் தாண்டியது. செப்டம்பர் 3 தேதியிட்ட விகடன் 61 மதிப்பெண் கொடுத்தது. மார்க்கினால் கூட்டம் வந்தது என்று நிறுவ முடியாது, அது இங்கே தேவையுமில்லை. கவனிக்க வேண்டியது தேதிகள். மூன்றாவது வாரத்தில் மதிப்பெண் வந்தபோது படம் இன்னும் தியேட்டரில் இருந்தது. ஆளில்லாத காட்சிகளைத் தாங்கிக்கொண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருக்கும் பொறுமை, அல்லது அந்தத் திரையைக் கேட்டு வரிசையில் நிற்கும் படங்கள் குறைவாயிருந்த நிலை, அன்றைய வியாபாரத்தில் இருந்தது.

அதே பொறுமையின் கடைசி மிச்சங்களில் ஒன்று பாலாவின் 'சேது'. பலமுறை பிரிவியூ போட்டுக் காட்டியும் வாங்க ஆளில்லாமல் கிடந்த படம், 1999 டிசம்பரில் சென்னையில் ஒரே தியேட்டரில் நூன் ஷோவாக வந்தது. போஸ்டர் சொல்லிக் கொடுக்காததை வாய் சொல்லிக் கொடுத்தது. காட்சிகள் கூடின, தியேட்டர்கள் கூடின, விக்ரம் நட்சத்திரமானார். '16 வயதினிலே'யையும் விநியோகஸ்தர்கள் வாங்க மறுத்ததால்தான் எஸ்.ஏ. ராஜ்கண்ணு சொந்தமாக வெளியிட்டார். 'தேறாது' என்ற தொழிலின் அபிப்பிராயத்தை டிக்கெட் வாங்கியவரின் அபிப்பிராயம் இரண்டு முறையும் தோற்கடித்தது. அதற்கு அவகாசம் கிடைத்தது என்பதே முக்கியம்.

தொலைக்காட்சியை வேகமாகக் கடந்துவிடலாம். 1993-இல் தொடங்கிய சன் டிவியின் 'டாப் டென் மூவீஸ்' போன்ற நிகழ்ச்சிகள் படங்களை வாராவாரம் வரிசைப்படுத்தின. ஒரு வரித் தீர்ப்பு வீட்டுக் கூடத்துக்கு வந்தது என்பதைத் தவிர அவை புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

உண்மையான உடைப்பு புரொஜெக்ஷன் அறையில் நிகழ்ந்தது. சென்னையைச் சேர்ந்த ரியல் இமேஜின் கியூப் போன்ற டிஜிட்டல் முறைகள் வந்ததும், பிரதி எடுக்கும் செலவு பழையபடி தடையாக இல்லை. ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று மாதக்கணக்கில் இறங்கிய படம், ஒரே வெள்ளிக்கிழமை காலையில் எல்லா ஊரிலும் இறங்கியது. போட்ட பணத்தை முதல் மூன்று நாளில் எடுத்துவிட வேண்டும் என்ற கணக்கு அதிலிருந்து பிறந்தது. ஆக, படம் நன்றாக இருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே டிக்கெட்டில் பெரும்பகுதியை விற்றுவிடுவது தொழிலின் உள்ளார்ந்த தேவையாயிற்று. சரியாக அதே ஆண்டுகளில் எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. இடைவேளையில் ட்வீட், படம் விட்டதும் வாசலில் யூடியூப் சேனல்களின் மைக், புக்கிங் செயலியில் டிக்கெட் விலைக்கு மேலேயே ரேட்டிங். விகடன் கற்பனை செய்த மாணிக்கமும் முனுசாமியும் இப்போது நேரில் வந்து கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். முகமூடியும் கழன்றது: பேசுபவருக்கு முகம் உண்டு, பார்வையாளர் எண்ணிக்கை உண்டு, வருமானமும் உண்டு. 'தமிழ் டாக்கீஸ்' சேனலில் கடுமையாகப் பேசிப் பெயர்பெற்ற புளூ சட்டை மாறன் 2021-இல் 'ஆன்டி இண்டியன்' எடுத்தபோது, விமர்சகர் படமெடுக்கலாமா என்று பலர் வியந்தார்கள். மகேந்திரனை மறந்துவிட்டார்கள் போலும்.

மதிப்பெண்ணும் இதே காலத்தில் இரண்டாகப் பிளந்தது. ஒன்று வெள்ளிக்கிழமை மதிப்பெண், மற்றது ஆறப்போட்ட மதிப்பெண். 1990-இல் ரசிகர்கள் தொகுத்த பட்டியலாகத் தொடங்கி 1998-இல் அமேசான் வசமான ஐஎம்டிபியில் பத்துக்கு இத்தனை என்று யார் வேண்டுமானாலும் போடலாம். 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் தோற்ற 'அன்பே சிவம்' அங்கே 8-ஐத் தாண்டி, இந்தியப் படங்களின் முன்வரிசையில் நிற்கிறது. அந்த மதிப்பெண்ணைப் போட்டவர்களில் பெரும்பாலோர் அதை டிவியிலோ குறுந்தகட்டிலோ பார்த்தவர்களாகத்தான் இருக்க முடியும். 2011-இல் நியூசிலாந்தில் பிறந்த லெட்டர்பாக்ஸ்டோ படம் பார்த்த தேதியையும் அரை நட்சத்திரம் வரையிலான மதிப்பையும் டைரி போலக் குறிக்க வைக்கிறது. அங்கே எழுதுபவர் அடுத்தவரை டிக்கெட் வாங்கச் சொல்வதைவிடத் தன் ரசனையைத்தான் பதிவுசெய்கிறார்.

தயாரிப்பாளர்களின் கோபம் முழுவதும் முதல் வகையின் மீதுதான். 2017-இல் தயாரிப்பாளர் சங்கத் தலைவராக இருந்த விஷால், மூன்று நாள் கழித்து விமர்சனம் எழுதுங்கள் என்று வேண்டினார். 2024-இல் 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகியவற்றை உதாரணம் காட்டி, தியேட்டர் வளாகத்தில் யூடியூபர்கள் ரசிகர் கருத்து எடுப்பதைத் தடுக்கும்படி தயாரிப்பாளர்கள் தரப்பு திரையரங்கு உரிமையாளர்களைக் கேட்டது. டிசம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் முதல் மூன்று நாள் விமர்சனங்களுக்குத் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் அரசுக்கும் யூடியூபுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. கருத்துச் சுதந்திரத்தைக் காரணம் காட்டி இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. கேரளத்தில் அதே ஆண்டு மார்ச்சில், உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 48 மணி நேர இடைவெளியைப் பரிந்துரைத்திருந்தார்.

காசு வாங்கிக்கொண்டு படத்தைத் திட்டுவதும், காசு கொடுத்து ரேட்டிங்கை ஏற்றுவதும் குற்றம் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அதை மோசடியாகவே விசாரிக்கலாம். ஆனால் மூன்று நாள் மௌனம் கேட்கும் கோரிக்கை வேறு வகையானது. 'முள்ளும் மலரு'க்குக் கிடைத்தது மூன்று வாரத் திரை. அந்த மூன்று வாரமும் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. முதல் நாள் பார்த்தவரும் ஏதோ சொல்லியிருப்பார், நன்றாயில்லை என்றே சொல்லியிருக்கவும் கூடும். அவருக்குப் பின்னால் வந்து மாற்றிச் சொன்னவருக்குப் படம் மிச்சமிருந்தது. இன்று நல்ல சொல் ஊரைச் சுற்றி வருவதற்குள் காட்சி நேரம் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது. அந்த அட்டவணையைப் போடுவோர் தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் திரையரங்கு உரிமையாளரும்தான். எத்தனை திரையில் இறக்குவது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பது அவர்கள் கையில் இருக்கும் முடிவு.