பழைய நம்பர் ஒன்

பழம்பொருளை விலைக்கு வாங்க முன்வருபவர் கேட்கும் முதற்கேள்வி, "இது அசல்தானா?" என்பதே. ஓவியமோ சிற்பமோ ஆனால், அறிஞர் ஒருவர் கூர்ந்து நோக்கி விடை கூறிவிடலாம். ஆனால், ஓடித் தேய்ந்து, உடைந்து, பலமுறை செப்பனிடப்பெற்ற பந்தய மோட்டார் வண்டி ஒன்றைக் குறித்து இக்கேள்வி எழுமாயின் என்ன விடை கூறுவது? 1990ஆம் ஆண்டில் லண்டன் உயர்நீதிமன்றம் இதற்கு விடை காணவேண்டி நேர்ந்தது. வழக்கிற்குக் காரணமான வண்டிக்குப் பேசப்பட்ட விலை ஒரு கோடி பவுன். நேயர்கள் அவ்வண்டியின் வரலாற்றைச் சற்றே கேட்க வேண்டுகிறேன்.

அது பென்ட்லி நிறுவனத்தின் தயாரிப்பு. டபிள்யூ. ஓ. பென்ட்லி என்னும் பொறியியல் வல்லுநர் 1919இல் தொடங்கிய அந்நிறுவனம், லண்டன் மாநகரின் கிரிக்கிள்வுட் பகுதியில் வண்டிகளை உருவாக்கி வந்தது. 1926இல் வுல்ப் பர்னாட்டோ என்னும் செல்வர் அதன் தலைவரானார். பொருள் கொடுத்து உதவியதோடு அவர் நில்லாமல், தாமே பந்தயக் களத்தில் இறங்கி வண்டி ஓட்டினார்.

பிரெஞ்சு நாட்டு லெமான் நகரில் 1923 முதல் நடைபெற்றுவரும் பந்தயம், இருபத்துநான்கு மணி நேரம் இரவு பகலாக ஓடும் கடும் சோதனை. 1929இல் ஆறு சிலிண்டரும் ஆறரை லிட்டர் கொள்ளளவும் உடைய 'ஸ்பீட் சிக்ஸ்' வகை வண்டி ஒன்றை பர்னாட்டோவும் டிம் பிர்க்கினும் மாறிமாறி ஓட்டி வென்றனர். அவ்வாண்டு முதல் நான்கு இடங்களையும் பென்ட்லி வண்டிகளே பெற்றன. மறு ஆண்டிலும் அதே வண்டியில் பர்னாட்டோ, கிளென் கிட்ஸ்டனுடன் சேர்ந்து வெற்றி கண்டார். இவ்விரட்டை வெற்றிக்குப் பின்னர் அவ்வண்டி 'பழைய நம்பர் ஒன்' என்ற செல்லப் பெயரால் புகழ்பெற்றது.

புகழ் நிறுவனத்தைக் காக்கவில்லை. பொருளாதார மந்தத்தில் சிக்கிய பென்ட்லி நிறுவனத்தை 1931இல் ரோல்ஸ்ராய்ஸ் வாங்கிக்கொண்டது. வண்டியோ தொடர்ந்து பந்தயங்களில் ஓடியது. 1932இல் அதனுள் எட்டு லிட்டர் என்ஜின் பொருத்தப்பட்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் புரூக்லண்ட்ஸ் பந்தயச் சாலையின் சாய்வான கரையைத் தாண்டி வண்டி வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். சிதைந்த வண்டி மீண்டும் கட்டப்பட்டு, கூரையுள்ள கூண்டு பெற்றது. பல்லாண்டுகளுக்குப் பின்னர், லெமான் காலத்தைப் போன்ற திறந்த கூண்டும் ஆறரை லிட்டர் என்ஜினும் மறுபடி பொருத்தப்பட்டன.

இந்நிலையில்தான் அது விற்பனைக்கு வந்தது. விலை பேசி முடித்த நிறுவனம், இது பந்தயத்தில் வென்ற வண்டியே அன்று என்று கூறிப் பின்வாங்கியது. விற்றவர் வழக்குத் தொடுத்தார்.

வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன், வண்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1929இல் வென்ற வண்டியின் பகுதி என உறுதியாகக் கூறத்தக்கது ஏறக்குறைய எதுவும் எஞ்சவில்லை. 1930இல் வென்ற வண்டியிலிருந்து மிதிகட்டைத் தண்டு, கியர் பெட்டியின் உறை, ஸ்டியரிங் தண்டு ஆகிய மூன்றே எஞ்சியிருந்தன. ஆயினும், தீர்ப்பு விற்றவர் பக்கமே அமைந்தது.

இது எவ்வாறு பொருந்தும்? ஒருபோதும் மாறாத பொருளையே 'அசல்' என்போமாயின், இவ்வண்டி அசல் அன்று. நீதிபதியும் அதை ஒப்புக்கொண்டார். ஆனால் 1929 முதல் இவ்வண்டி ஒரு நாளும் மறைந்துபோகவில்லை. உறுப்புகள் ஒரே நாளில் மாறாமல், பந்தயத்தின் தேவைக்கும் விபத்தின் விளைவிற்கும் ஏற்பச் சிறிது சிறிதாக மாறின. வரலாறு இடையில் அறவில்லை. ஆகவே 'பழைய நம்பர் ஒன்' என்னும் பெயருக்கு இதுவே உரியது என்பது அவரது முடிவு. குப்பையில் கண்டெடுத்த சில உறுப்புகளைக் கொண்டு புதிதாக ஒரு வண்டியைக் கட்டி, அதற்குப் பழம்பெயர் சூட்டுவது வேறு, இது வேறு.

கிரேக்கர் இதே ஐயத்தை முன்னரே எழுப்பினர். வீரன் தீசியஸின் கப்பலை ஏதன்ஸ் மக்கள் பலகை பலகையாக மாற்றிப் பாதுகாத்தனர் என்றும், அது பழைய கப்பல்தானா என்று தத்துவ அறிஞர் இரு பிரிவாக வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதிவைத்தார். அவர்களுக்கு அது சிந்தனைக்கு விருந்து. லண்டன் நீதிபதிக்கோ, ஒரு கோடி பவுனை யார் இழப்பது என்ற கேள்வி.

இவ்வழக்கின் பாடம் பழைய வண்டிகளை விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் இன்றும் பயன்படும். செப்பனிடுதல் குற்றம் ஆகாது. ஓடும் வண்டி தேயத்தான் செய்யும். எந்த உறுப்பு எந்த ஆண்டில், எக்காரணத்தால் மாற்றப்பட்டது என்னும் குறிப்பு கையில் இருந்தால், மாற்றங்களே அவ்வண்டியின் வரலாறாகிவிடும். குறிப்பு இல்லையேல், பளபளக்கும் வண்ணப்பூச்சும் மெருகேற்றிய விளக்குகளும் எதையும் மெய்ப்பிக்கமாட்டா. பழைய வண்டியை விலைக்கு வாங்க விரும்பும் அன்பர்கள், என்ஜினை முடுக்கிப் பார்க்கும் முன்னர் அதன் ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது நன்று.