ஐந்திலொரு வினாடியில் பிறந்த திக்கல்

ஒலிப்பதிவுக் கூடங்களில் இருந்த பழைய பெரிய டேப் ரெக்கார்டரைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு நினைவிருக்கும். இடமும் வலமும் இரண்டு ஸ்பூல்கள். நடுவே ஒலிநாடா உரசிச் செல்லும் மூன்று சிறிய உலோகக் கட்டிகள். ‘ஹெட்’ என்பார்கள். முதல் ஹெட் பழைய ஒலியை அழிக்கும். இரண்டாவது புதிய ஒலியைப் பதியும். மூன்றாவது, பதிந்ததை அப்போதே படித்துக் காட்டும். பதிவு சரியாக விழுகிறதா என்று கையோடு கேட்டுப் பார்ப்பதற்காகவே இந்த மூன்றாவது ஹெட்.

இரண்டாவது ஹெட்டைக் கடந்த நாடா மூன்றாவதை எட்டச் சற்று நேரம் பிடிக்கும். நாடா வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடுகிறது, இரண்டு ஹெட்டுக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மைக்கில் பேசிய சொல் 0.2 வினாடி கழித்துத்தான் ஹெட்போனுக்கு வரும். பதிவாளர் கேட்டால் இதனால் எந்தக் குழப்பமும் இல்லை. பேசுகிறவரே அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டால்தான் வினை. நல்ல பேச்சாளரும் சில சொற்களுக்குள் தடுமாறுவார். சொல்லின் முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார், இழுப்பார், குரலை உயர்த்துவார், சில நேரம் பேச்சையே நிறுத்திவிடுவார்.

இதை 1950-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதி உலகத்துக்குச் சொன்னவர் பெர்னார்டு லீ என்ற அமெரிக்கப் பொறியாளர். அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையில் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்: ‘செயற்கைத் திக்கல்’. திக்குவாய் இல்லாத ஒருவரை, மருந்தில்லாமல், மிரட்டாமல், அவருடைய குரலையே கொஞ்சம் பிந்திக் கொடுத்துத் திக்கவைக்க முடியும் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி.

மனிதன் பேசத் தொடங்கி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இதைக் காண 1950 வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?

காரணம், குரலைப் பிந்தவைப்பது எளிதல்ல. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். ஒரு சுவரில் பட்டு 0.2 வினாடியில் குரல் திரும்பி வர வேண்டுமானால் அந்தச் சுவர் 34 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அங்கே போய்த் திரும்பும் எதிரொலி மெலிந்துவிடும். வாயிலிருந்து காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் காதை எட்டும் சொந்தக் குரல் அதை அமுக்கிவிடும். பிந்திய குரல் காதருகே உரக்க ஒலிக்க வேண்டும், அதுவும் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிக்க வேண்டும். அதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது.

அந்தக் கருவி ஜெர்மனியில் பிறந்தது. 1928-ல் ஃபிரிட்ஸ் ஃப்ளோய்மர் என்பவர் காகிதப் பட்டையில் இரும்புத் துகளைப் பூசி ஒலிநாடாவை உருவாக்கினார். அதை வைத்து ஏஇஜி நிறுவனம் செய்த ‘மாக்னெட்டோஃபோன்’ 1935-ல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்கப் படையில் இருந்த ஜாக் மல்லின், அந்தக் கருவிகளில் இரண்டின் பாகங்களை ஊருக்கு அனுப்பி, திரும்பப் பூட்டி, 1946 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் பொறியாளர்கள் முன் ஓட்டிக் காட்டினார். 1948-ல் ஆம்பெக்ஸ் நிறுவனம் தன் முதல் டேப் ரெக்கார்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் லீயின் கட்டுரை வந்துவிட்டது. நாடா வந்ததும், அதுவரை யாருக்கும் வாய்க்காத ஓர் அனுபவம் கூடவே வந்தது.

லீ சொன்னதைச் சோதித்து அளந்தவர்களில் முதன்மையானவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கிராண்ட் ஃபேர்பேங்க்ஸ். பிந்தும் நேரத்தை 0.1 முதல் 0.8 வினாடி வரை மாற்றி மாற்றிப் படிக்கவைத்தார். உச்சரிப்புப் பிழைகள் எல்லாவற்றிலும் அதிகமாக விழுந்தது 0.2 வினாடியில்தான். அதற்குமேல் பிந்தினால் தடுமாற்றம் ஏறவில்லை, குறையத் தொடங்கியது. இந்த ஐந்திலொரு வினாடி, சாதாரணப் பேச்சில் ஓர் அசையைச் சொல்ல ஆகும் நேரத்துக்கு நெருக்கமானது. நம் இலக்கணம் எழுத்தின் நீளத்தை இமைப்பொழுதைக் கொண்டு அளந்தது. பேச்சைக் கலைக்கும் அளவும் அந்த இமைப்பொழுதை ஒட்டியே இருக்கிறது. வாய் இரண்டாவது அசைக்குப் போகும்போது காதில் முதல் அசை விழுகிறது. “இதை இன்னும் முடிக்கவில்லையா?” என்று மூளை மயங்குகிறது. வாய் அதே அசையை இன்னொரு முறை சொல்கிறது.

பேச்சோடு இது நிற்கவில்லை. 1955-ல் லண்டனில் கால்மஸ், டெனெஷ், ஃப்ரை என்ற மூவர், கைதட்டும் ஓசையைப் பிந்திக் கேட்கவைத்தாலும் தாளம் தவறுகிறது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். தன் செயலின் ஓசை பிந்தினால் கைக்கும் அதே கதிதான்.

அந்தக் காலம், இயந்திரங்கள் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும் விதத்தை அறிஞர்கள் வியந்து பேசிய காலம். நார்பர்ட் வீனரின் ‘சைபர்நெட்டிக்ஸ்’ நூல் 1948-ல் வெளிவந்திருந்தது. அறையின் வெப்பம் ஏறினால் தானே நின்று, இறங்கினால் தானே ஓடும் சாதனம்போல, வாய் பேசியதைக் காது கேட்டு, பிழையை மூளைக்குச் சொல்லி, மூளை வாயைத் திருத்துகிறது என்று 1954-ல் ஃபேர்பேங்க்ஸ் ஒரு கொள்கையை வகுத்தார். லீயின் சோதனை அதற்கு அழகாகப் பொருந்தியது. காதுதான் வாயின் கடிவாளம் என்று தோன்றியது.

ஆனால் அந்தக் கொள்கையை உறுத்தும் ஓர் உண்மை எல்லோர் கண்முன்னும் இருந்தது. வளர்ந்த பிறகு செவிப்புலனை முற்றிலும் இழந்தவர்கள் உடனே பேச்சை இழப்பதில்லை. பல ஆண்டுகள் கழித்தும் அவர்கள் பேசுவது நமக்குப் புரிகிறது. குரலின் ஏற்ற இறக்கமும் சில ஒலிகளின் தெளிவும் மெல்ல மெல்லத்தான் தேய்கின்றன. காதுதான் கடிவாளம் என்றால், அது அறுந்த அன்றே வண்டி கவிழ்ந்திருக்க வேண்டாமா?

இன்னொரு சான்று அந்தக் கொள்கைக்கு 40 ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. 1911-ல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மருத்துவர், காதில் பேரிரைச்சலைக் கொடுத்தால் பேசுகிறவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறார் என்று எழுதினார். கவனியுங்கள்: உயர்த்துகிறார், திக்கவில்லை. செவிடுபோல் நடிப்பவரைக் கண்டுபிடிக்கவும் அவர் அதைப் பயன்படுத்தினார். 1950-களில் பிந்திய குரலும் அதே வேலைக்கு வந்தது. காது கேட்கவில்லை என்று சொல்பவரைப் படிக்கவைத்து, அவர் குரலையே பிந்திக் கொடுத்தால், உண்மையில் கேட்காதவர் சீராகப் படித்துக்கொண்டே போவார். கேட்பவர் நாக்கு பிறழும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. தன் குரல் கேட்காமலே போனாலும் மனிதன் சமாளித்துப் பேசுகிறான். நேரம் தவறிக் கேட்டால்தான் உடைந்துபோகிறான்.

இதற்கு இன்று சொல்லப்படும் விளக்கம் இது. மூளை வாய்க்குக் கட்டளை அனுப்பும்போதே, காதுக்கு என்ன ஒலி, எப்போது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பையும் தயாரித்துக்கொள்கிறது. எதிர்பார்த்தது எதிர்பார்த்த நேரத்தில் வந்தால், அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நாம் பேசும்போது நம் குரலுக்கு மூளையின் கேட்கும் பகுதி காட்டும் துடிப்பு, அதே குரலைப் பதிவில் கேட்கும்போது காட்டும் துடிப்பைவிடக் குறைவு என்பது அளந்து பார்க்கப்பட்ட செய்தி. ஒலியே வராவிட்டால் ஒப்பிட ஒன்றுமில்லை, பழகிய தடத்தில் பேச்சு ஓடுகிறது. ஒலி வந்து, அதுவும் பிந்தி வந்தால், ஒவ்வோர் அசையிலும் கணக்கு இடிக்கிறது.

லீ ஆய்வுக்கூடத்தில் கண்டதை, 15 ஆண்டுகள் கழித்துத் தொலைபேசித் துறை தன் கம்பிகளில் சந்தித்தது. 1965-ல் ‘எர்லி பேர்ட்’ செயற்கைக்கோள் அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் இணைத்தது. பூமியின் நடுக்கோட்டுக்கு 35,786 கிலோமீட்டர் மேலே நிற்கும் அந்தக் கோளுக்குக் குரல் ஏறி இறங்கவே கால் வினாடி ஆகும். எதிர்முனைத் தொலைபேசி இணைப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலி, பேசியவர் காதுக்கு அரை வினாடி கழித்து வரும். அதைத் தடுக்காமல் உரையாட முடியாது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கெல்லியும், இந்தியாவில் பிறந்த மன் மோகன் சோந்தியும் ஒரு வழி கண்டார்கள். வரப்போகும் எதிரொலி எப்படியிருக்கும் என்று கருவியே கணித்து, வந்ததிலிருந்து அதைக் கழித்துவிடும். 1967-ல் சோந்தி அதைக் கட்டுரையாக எழுதினார். மூளை செய்வதாகச் சொல்லப்படும் அதே வேலை: முன்கூட்டிக் கணிப்பது, கணித்ததைக் கழிப்பது. இன்று கைப்பேசியிலும் இணையவழிக் கூட்டத்திலும் நம் குரல் நம்மையே துரத்தாமல் இருப்பதற்கு அந்த வழிவந்த கணக்கே காரணம். எப்போதாவது அந்தக் கணக்குத் தவறும்போது, “என் குரலே எனக்குக் கேட்குது, கொஞ்சம் இருங்க” என்று பேச்சை நிறுத்துகிறோமே, அப்போது லீயின் ஹெட்போனைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கதையின் மிகப் பெரிய திருப்பம் இனிமேல்தான். நன்றாகப் பேசுகிறவரைத் திக்கவைக்கும் இதே பிந்திய குரல், திக்குகிற பலரைச் சரளமாகப் பேசவைக்கிறது.

1960-களில் அமெரிக்க உளவியலாளர் இஸ்ரேல் கோல்டயமண்ட், திக்கும்போதெல்லாம் பிந்திய குரலைக் கொடுத்தால் அது ஒரு தண்டனைபோல் இருந்து திக்கலைக் குறைக்கும் என்று எண்ணித் தொடங்கினார். நடந்தது வேறு. அந்தக் குரலோடு பேசியவர்கள் உயிரொலிகளை நீட்டி, நிதானமாக, தடையில்லாமல் பேசினார்கள். தண்டனையாக வந்தது துணையாகிவிட்டது. முதலில் கால் வினாடிப் பிந்தலோடு மெதுவாகப் பேசப் பழக்கி, பிந்தும் நேரத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் கருவியே இல்லாமல் பேசவைக்கும் பயிற்சி அப்படித்தான் உருவானது.

திக்குகிறவர்கள் பலர் மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போது திக்குவதில்லை என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. சற்றே பிந்திய தன் குரல், இன்னொருவர் கூடவே படிப்பதுபோல் உதவுகிறது என்று ஜோசப் கலினோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் வாதிட்டார். அவரும் திக்குவாய் உடையவர். கிழக்குக் கரோலைனா பல்கலைக்கழகத்தில் அவரும் துணையாய்வாளர்களும் உருவாக்கிய ‘ஸ்பீச்ஈசி’ கருவி 2001-ல் வெளிவந்தது. ஒரு காலத்தில் மேசையை அடைத்த இயந்திரம், காதுக்குள் அடங்கிவிட்டது. எல்லோருக்கும் அது ஒரே அளவில் பயன் தருவதில்லை. சிலருக்கு நாளடைவில் பயன் குறைகிறது. குணமாக்கும் மருந்து அல்ல அது, ஊன்றுகோல். ஆயினும் முதன்முறை தடையின்றித் தன் பெயரைச் சொல்ல முடிந்தவருக்கு அந்த ஊன்றுகோலின் அருமை தெரியும்.

2012-ல் ஜப்பானில் கசுதகா குரிஹாரா, கோஜி சுகதா என்ற இருவர் தாங்கள் செய்த, கையில் பிடிக்கும் கருவி ஒன்றைப் பற்றி எழுதினார்கள். தொலைவில் பேசுகிறவரை நோக்கிப் பிடித்தால் அவர் குரலையே 0.2 வினாடி பிந்தி அவர்மீது பாய்ச்சும். அவர் பேச்சு தடைப்படும். சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு அந்த ஆண்டு அதற்குக் கிடைத்தது. தொடாமலே ஒருவரின் வாயை அடைக்க முடியும் என்பது சிரித்துவிட்டுப் போகும் செய்தி அல்ல. சரளமான பேச்சு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த நூல் எல்லோர் பேச்சிலும் இருக்கிறது. பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் திக்கிப் பேசுகிறார். அவரைப் பயந்த சுபாவம் உள்ளவர், நம்பிக்கை இல்லாதவர், மந்தமானவர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வகுப்பில் எழுந்து நின்று “ப... ப...” என்று நிற்கும் பிள்ளையைச் சுற்றிச் சிரிப்பு எழுகிறது. ஆனால் எந்தத் துணிச்சல்காரரையும் எந்தப் பேச்சாளரையும் ஐந்திலொரு வினாடிப் பிந்தலால் அதே நிலையில் நிறுத்திவிட முடியும் என்பதை ஒலிநாடா 1950-லேயே காட்டிவிட்டது. சரளம் என்பது நம் மனத்திடத்துக்குக் கிடைத்த பட்டம் அல்ல. வாய்க்கும் காதுக்கும் மூளைக்கும் நடுவே, நாம் அறியாமலே நேரம் ஒத்துப்போவதால் கிடைக்கும் பேறு.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒருவர் உங்கள் எதிரில் சொல்லுக்காகப் போராடும்போது, அந்தச் சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். “மெதுவா பேசு” என்று புத்தி சொல்லாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருங்கள். அவருக்குத் தேவைப்படுவது சில வினாடிகள்தான்.