இரைச்சலுக்கும் ஒரு பொது அளவுகோல்

காது மங்கத் தொடங்கியவர்களின் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். தனியாக இருக்கும்போது பேசினால் கேட்கிறது. நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் ஒன்றும் பிடிபடுவதில்லை. அமைதியான அறையில் 'பீப்' ஒலி கேட்கிறதா என்று பார்க்கும் சோதனையில் இந்தச் சிரமம் சரியாகத் தெரியாது. அதனால் ஆய்வாளர்கள் இரைச்சலையே சோதனைக்குள் கொண்டுவந்தார்கள். 1977இல் அமெரிக்காவில் கலிகோ, ஸ்டீவன்ஸ், எலியட் ஆகிய மூவர் வகுத்த சோதனையில், 12 பேர் ஒரே நேரத்தில் பேசும் சலசலப்புக்கு நடுவே ஒரு வாக்கியம் ஒலிக்கும். கேட்பவர் அதன் கடைசிச் சொல்லைச் சொல்ல வேண்டும்.

சரி, எந்த இரைச்சலைப் போடுவது?

சீரான இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிடிப்பது வேறு, ஏறி இறங்கும் மனிதக் குரல்களுக்கு நடுவே பிடிப்பது வேறு. ஆளுக்கொரு பதிவை வைத்துக்கொண்டால் ஓர் ஆய்வகத்தின் முடிவை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை. நேட்டோவின் பேச்சாய்வுக் குழுவுக்காக நெதர்லாந்தின் டிஎன்ஓ நிறுவனத்தில் பதிவான 'நாய்செக்ஸ்-92' குறுந்தகடு இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிகளைச் சோதிக்க உருவானது அது. போர் விமானம், பீரங்கி வண்டி, போர்க்கப்பலின் எஞ்சின் அறை என்று ராணுவ வாடை தூக்கலாகவே இருக்கும். ஆனால் பதிவுகளோடு வந்த குறிப்புகள் அருமையானவை. வோல்வோ 340 கார், மழை நேரம், தார்ச்சாலை, நான்காவது கியர், மணிக்கு 120 கிலோமீட்டர். இன்னொன்றில் கேன்டீனில் 100 பேர் பேசும் சத்தம், 88 டெசிபல். இப்படிக் குறிப்பு இல்லாவிட்டால், பிறர் கைக்குப் போன பதிவு வெறும் சத்தம்தான்.

காது கேட்கும் கருவிகளை அளப்பவர்களுக்கு வேறொன்று தேவைப்பட்டது. ஒலி பேச்சைப் போலவே இருக்க வேண்டும், எந்த மொழிக்காரருக்கும் பொருள் புரியக் கூடாது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் இங்கா ஹோலூபேயின் குழு ஈசாப்பின் 'வடகாற்றும் சூரியனும்' கதையை ஆறு மொழிகளில் பெண்களைப் படிக்கவைத்துப் பதிந்தது. பதிவுகளை நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் ஆறு பங்கு வரையான துண்டுகளாக நறுக்கி, கலைத்துக் கோத்தார்கள். கேட்டால் யாரோ ஒரு பெண் பேசுவது போலவே இருக்கும், ஒரு சொல்லும் பிடிபடாது. 2010இல் இதன் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்த ஆறில் அரபும் சீனமும் உண்டு. இந்திய மொழி ஒன்றுகூட இல்லாதது பெரிய குறை.

அன்றாட இடங்களின் இரைச்சலுக்கும் பொதுப் பதிவு வந்தது. 2013இல் வெளியான 'டிமாண்ட்' தொகுப்பில் சமையலறை, துணி துவைக்கும் இடம், மெட்ரோ ரயில் எனப் பல இடங்களை 16 மைக்குகளால் பதிந்திருந்தார்கள். உருவாக்கியவர்களின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் இணையத்திலிருந்து இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.