அடைக்கப்பட்ட கால்வாய்கள்: ராஜா மூசா காட்டின் வரலாறு



நம் முன்னோர் காட்டை அழித்து நாடாக்கினர் என்று தமிழ்ப்பள்ளி மேடைகளில் பெருமையுடன் பேசுகிறோம். அப்பெருமை பொய்யன்று. ஆயினும் புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் பாடம் நடத்தும் எனக்கு, அவ்வரலாற்றின் மறுபாதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் எனத் தோன்றுகிறது. அம்மறுபாதி நமக்கு அருகிலேயே, ராஜா மூசா காட்டில் நடந்து வருகிறது.

முதலில் பழைய பாதி. பத்தாங் பெர்ஜுந்தாய் (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு, பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே, நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். தென்னையின் பெயர் தாங்கிய தோட்டம் செம்பனைக்குத் தாய்வீடானது வேடிக்கைதான்! மலாயாவைப் பற்றி அவர் எழுதிய புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அவருடைய தோட்டத்தில் உழைத்தவர்களின் பெயர்களை நம் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்?

தாழ்ந்த சதுப்பு நிலத்தில் நீரை வடிக்காமல் பால்மரமும் நிற்காது, செம்பனையும் நிற்காது. ஆகவே இங்கே தோட்ட வாழ்வு என்பது கால்வாயோடு கூடிய வாழ்வு.

ராஜா மூசாவின் கால்வாய்களோ வேறு வகையின. காட்டு மரங்களை வெட்டியவர்கள், அவற்றை மிதக்கவிட்டு வெளியே கொண்டுசெல்லத் தோண்டியவை அவை. 1990இல் அரசு இதனை ஒதுக்கக் காடாக அறிவித்தபோது, பெருமரங்கள் பல முன்னரே போயிருந்தன. கால்வாய்கள் மட்டும் திறந்தே கிடந்தன.

திறந்த கால்வாயால் என்ன கேடு? மலாய் மொழியில் கம்புட் எனப்படும் இம்மண், உண்மையில் மண்ணே அன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக நீருக்குள் விழுந்து, முற்றும் மட்காமல் அடுக்கடுக்காய்ச் சேர்ந்த இலையும் வேரும் கட்டையுமே அது. நீர் வடிந்தால் காற்று உட்புகும், மண் மட்கித் தாழும், காய்ந்தால் எரியும். அத்தீ மேலே அணைந்ததுபோல் தோன்றி, அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். நம் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கு வந்த புகைமூட்ட நாள்கள் சிலவற்றுக்குக் காரணம் அண்டை நாடு மட்டுமன்று.

2008இல் சிலாங்கூர் மாநில வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் இணைந்து, ராஜா மூசாவில் அழிவுற்ற ஏறத்தாழ 1,000 எக்டர் நிலத்தை மீட்கத் தொடங்கின. அவர்கள் செய்த முதன்மையான வேலை மரம் நடுவதன்று, கால்வாயை அடைப்பதே. இதுதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி. ஓரிடத்தில் மட்டும் அடைத்தால் நீர் அணையைச் சுற்றி அரித்து ஓடிவிடும். எனவே இடைவெளிவிட்டுப் பல இடங்களில் தடுப்பு அமைத்து, நிலத்தடி நீரைப் படிப்படியாய் உயர்த்தவேண்டும். நீர் நின்ற பிறகே கன்றுகள் பிழைக்கும். வெயிலைத் தாங்கி விரைந்து வளரும் மகாங் மரத்தை முதலில் நட்டனர். அதன் நிழலில் மற்ற மரங்கள் தலையெடுக்கும். ஆண்டுதோறும் மரம் நட்டுப் படமெடுத்துத் திரும்பும் விழாக்களை நடத்துவோர் இவ்வரிசையை அறிந்துகொள்வது நலம்.

2012இல் சுற்றுவட்டார மக்கள் வட சிலாங்கூர் சதுப்புக்காட்டு நண்பர்கள் குழுவாக இணைந்தனர். நாற்றுகளை வளர்ப்பது, தீயைக் கண்காணிப்பது எனப் பலவற்றில் அவர்களுக்குப் பங்குண்டு. இருப்பினும் வேலை முடிந்துவிடவில்லை. 2014 தொடக்கத்தில் மழை பொய்த்துச் சிலாங்கூரில் குழாய்நீரைப் பங்கிட்டபோது, மாநிலத்தின் சதுப்பு நிலங்களில் மீண்டும் தீ மூண்டது.

ஏறத்தாழ 81,000 எக்டர் பரப்புள்ள வட சிலாங்கூர்ச் சதுப்புக்காட்டின் ஒரு பகுதியே ராஜா மூசா. தஞ்சோங் காராங் வயல்களுக்கு நீர் கிடைப்பதற்கும் இக்காடு துணைநிற்கிறது. கம்போங் குவாந்தானில் மின்மினி காண மாணவர்களை அழைத்துச் செல்கிறோம். இங்கே ஏன் செல்வதில்லை?

அடுத்த பயணத்தில் தோட்டத்தில் உழைத்த தாத்தா ஒருவரையும் உடன் அழைக்க எண்ணியுள்ளேன். கால்வாய் வெட்டும் முறையை அவர் விளக்கட்டும். அடைக்கும் முறையை அங்குள்ளோர் விளக்கட்டும். ஆறாம் ஆண்டு மாணவர்கள் இரண்டையும் குறிப்பேட்டில் வரைந்து வரவேண்டும்.