பல்வங்கர் பாலுவை நாமே ஏன் மறந்தோம்?

ஜாக் ஜான்சனுக்குக் கிடைத்த மதிப்பு போதுமா என்று குத்துச்சண்டை ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று, ஹெவிவெயிட் உலக சாம்பியனான முதல் கறுப்பர் அவர். அதற்கு முன்பிருந்த சாம்பியன்களில் ஒருவரான ஜான் சல்லிவன், கறுப்பர்களோடு பட்டத்துக்காக மோதவே மறுத்தவர். ஓய்வில் இருந்த ஜெஃப்ரீஸை 1910இல் வெள்ளையர்கள் தேடிப்பிடித்து மேடையேற்றினார்கள். அவரும் அடிவாங்கினார். மேடையில் முடியாததை 1913இல் நீதிமன்றத்தில் முடித்தார்கள். ஜான்சனுக்கு மன்னிப்பு வந்தது 2018இல், அவர் செத்து 72 வருஷம் கழித்து.

அதே ஆண்டுகளில் நம் நாட்டிலும் ஒரு சாம்பியன் இருந்தார். ஆட்டம் வேறு, கதை அதே. பெயர் பல்வங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு ஆடுகளம் உருட்டும் வேலை. ஓய்வு நேரத்தில் கிரேக் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரருக்கு மணிக்கணக்கில் பந்து போடுவார். இடக்கையால் மெதுவாகச் சுழற்றிப் போடும் வித்தை அப்படித்தான் படிந்தது. மட்டையைப் பிடிக்க மட்டும் அவரை விட மாட்டார்கள். கூலிக்காரனுக்குப் பந்து, துரைக்கு மட்டை.

வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் புனே சாதி இந்துக்களுக்குப் பாலு தேவைப்பட்டார். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனியாக, மண்குவளையில். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? நட்டது நாம், அறுத்தது நாம், கட்டைத் தலையில் சுமந்து களத்தில் போட்டதும் நாம். நெல் மட்டும் மிராசுதார் வீட்டுக்குள் போகும், சுமந்தவன் வாசலுக்கு வெளியே நிற்பான். சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்தவே 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் போட வேண்டியிருந்த ஊர் இது.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி பெரும்பாலும் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 35. தோற்ற அணிக்காக ஒருவர் 114 விக்கெட் எடுப்பது என்றால் என்ன என்று பந்து போட்டவர்களைக் கேளுங்கள்.

ஆனாலும் பம்பாயில் இந்துக்கள் அணிக்குத் தலைவராக அவரை அவர்கள் நியமிக்கவே இல்லை. 1920இல் அவரை ஒதுக்கியபோது, தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மாட்டோம் என்று விலகினார்கள். விளையாட்டு வரலாற்றில் இந்த வேலைநிறுத்தத்துக்குத் தனி அத்தியாயமே எழுத வேண்டும். அந்தச் சண்டையின் பலன் 1923இல்தான் வந்தது: விட்டல் அணித்தலைவர் ஆனார். அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது.

இதுவரை சொன்னது சாதி இந்துக்கள் செய்தது. நாம் செய்ததையும் சொல்ல வேண்டும். நம் மேடைகளில் பாலுவின் பெயர் வராததற்குக் காரணம் 1932. இரட்டை வாக்குரிமை, தனித்தொகுதி விவகாரத்தில் அவர் நம் எம்.சி. ராஜாவின் பக்கம் நின்று கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். பூனா ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் அவரை அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. பாலு தோற்றார், ஆனால் 11,000க்கும் மேல் ஓட்டு வாங்கினார்.

அந்த அரசியலில் பாலு தவறான பக்கம் நின்றார் என்பதே என் கருத்து. காங்கிரஸ் அவரைப் பயன்படுத்தியது, ராஜாவைப் பயன்படுத்தியதைப் போலவே. ஆனால் 1932இல் போட்ட கையெழுத்து 1911இல் எடுத்த விக்கெட்டை அழித்துவிடுமா? இளைஞராக இருந்தபோது அம்பேத்கரே பாலுவைப் பெரிதும் மதித்தவர். அண்ணலின் பெயர் நாடறியும் முன்பே, தீண்டப்படாதவன் எவருக்கும் இளைத்தவன் இல்லை என்று ஆயிரக்கணக்கானோர் கண்ணெதிரே காட்டியவர் பாலு. ராஜாவையும் நாம் இப்படித்தான் பாதி ஒதுக்கி வைத்திருக்கிறோம், அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பொங்கலுக்கு நம் தெருக்களில் கிரிக்கெட் போட்டி நடக்கும். முதல் பரிசுக்கு அம்பேத்கர் பெயர் இருக்கட்டும். சிறந்த பந்துவீச்சாளருக்கான கோப்பைக்கு பாலுவின் பெயரை வைத்து, யார் அவர் என்று கேட்கும் பையனுக்கு அந்த 114ஐச் சொல்லுங்கள்.